அத்தியாயம் 7: கண்மாயை எந்த டேக்கில் போடுவது?

சிவகங்கை மாவட்டத்தின் பாசனக் கண்மாய்களை மட்டும் எடுத்துத் தா என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிடம் கேட்கலாம். ஓவர்பாஸ் டர்போ என்ற இணையக் கருவி அதற்காகவே இருக்கிறது. எந்த டேக் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அந்த டேக் உள்ளவற்றை வடித்துத் தந்துவிடும். சிக்கல் அந்த ‘எந்த டேக்’ என்பதில்தான். ஒருவர் கண்மாயை நீர்த்தேக்கம் என்று பதிந்திருப்பார். பக்கத்து ஊர்க்காரர் குட்டை என்று பதிந்திருப்பார். இன்னொருவர் வெறும் தண்ணீர் என்று விட்டிருப்பார். மூன்றும் திரையில் ஒரே நீலமாகத் தெரிவதால் பார்க்கிற யாருக்கும் குறை தெரியாது. தூர் வாரப் பட்டியல் எடுக்க வருகிறவர்தான் முதலில் முட்டிக்கொள்வார். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதி ஒரு பெயரிலும் மீதி நான்கு பெயர்களிலும் கிடந்தால், வரைந்த உழைப்பு படமாக மட்டுமே மிஞ்சும், தகவலாகாது.

வரைவது எப்படி என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். வரைந்ததை என்னவென்று பதிவது, அதில் ஒரு குழு எப்படி உடன்படுவது என்பது இந்த அத்தியாயம். நீர்நிலைகளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் ஊரில் அதிகக் குழப்பம் அங்கேதான் என்பது. இங்கே பழகும் முறை சாலைக்கும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. டேக்குகளைக் கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். வாசிக்க வசதியாக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் கீழ்க்கோடு போடுவது வழக்கம். முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் அடித்தால் அது வேறு டேக்காகிவிடும்.

யார் வைத்த சட்டம்?

யாரும் வைக்கவில்லை. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டனில் இந்த வரைபடத்தைத் தொடங்கியபோதே, எதை எப்படிப் பதிய வேண்டும் என்று மேலிருந்து யாரும் கட்டளையிடுவதில்லை என்ற ஏற்பாடு வேரூன்றிவிட்டது. டேக் என்பது சமக்குறிக்கு இரு பக்கமும் இரண்டு சொல், அவ்வளவுதான். இடப்பக்கம் எந்தக் குணத்தைச் சொல்கிறோம் என்பது. வலப்பக்கம் அது என்ன என்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 255 எழுத்து வரை இடமுண்டு. நீங்கள் ‘கண்மாய்=ஆமாம்’ என்று அடித்தாலும் தரவுத்தளம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். அதைத் தேடிப் படிக்க உலகத்தில் ஒரு செயலிக்கும் தெரியாது என்பதுதான் தண்டனை.

பிரிட்டனில் பிறந்ததால் அங்கத்திய வாடை இன்னும் இருக்கிறது. எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷ் ஆங்கிலம். சாலை வகைகள் அந்நாட்டுச் சாலைப் பாகுபாட்டிலிருந்து வந்தவை. ‘ஹைவே=அன்கிளாசிஃபைட்’ என்றால் வகை தெரியாத சாலை என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்; உண்மையில் அது ஊர்களை இணைக்கும் சிறு சாலை. வகை தெரியாத சாலைக்கு ‘ஹைவே=ரோட்’ என்று வேறொன்று இருக்கிறது. டீக்கடையிலும் இதே கதை. ‘ஷாப்=டீ’ என்பது தேயிலைத் தூள் விற்கும் கடை. நம் முக்குக்கடையில் கிளாஸில் ஊற்றிக் கொடுக்கும் டீக்கு ‘அமெனிட்டி=கஃபே’தான் பக்கத்தில் வரும். ஆகவே டேக்கின் ஆங்கிலச் சொல்லை வைத்து அர்த்தம் ஊகிக்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில் அந்த டேக்குக்கு உள்ள பக்கத்தைத் திறந்து, விளக்கத்தையும் படத்தையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

புது டேக் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. விக்கியில் முன்மொழிவு எழுதி, குறைந்தது இரண்டு வாரம் விவாதத்துக்கு விட்டு, பிறகு குறைந்தது இரண்டு வாரம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எட்டு ஆதரவு வாக்காவது வேண்டும். மொத்தத்தில் 75 சதவீதம் ஆதரவு வேண்டும். இத்தனையும் தாண்டி ஏற்கப்பட்டாலும் அது பரிந்துரைதான், யாரையும் கட்டுப்படுத்தாது. மாவட்ட அளவில் வேலை செய்கிற குழு இந்தப் பாதையில் இறங்க வேண்டிய அவசியம் அநேகமாக வராது. தேவையான டேக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. நம் பிரச்சினை டேக் இல்லாதது அல்ல, இருப்பதில் எதை எடுப்பது என்பது.

ஊர்ப்பெயரை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்

செங்கல்பட்டுப் பக்கம் ஏரி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்தில் கண்மாய். நெல்லையிலும் கோவையிலும் குளம். மதுராந்தகம் ஏரி, ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய், திருநெல்வேலி நயினார்குளம், கோவை சிங்காநல்லூர் குளம் எல்லாமே பாசனத்துக்காகக் கரை கட்டித் தண்ணீர் தேக்கியவை. இலங்கையின் வன்னியிலும் குளம்தான். கிளிநொச்சியின் இரணைமடு ஒரு பெரும் பாசன நீர்த்தேக்கம். அதே ‘குளம்’ என்ற பெயரில் சென்னையில் மயிலாப்பூர் கோயிலுக்கு முன்னால் படிக்கட்டோடு இருப்பது வேறு வகை.

பெயரைப் பார்த்து டேக் போட்டால் ஏரியெல்லாம் ‘வாட்டர்=லேக்’ ஆகும், குளமெல்லாம் ‘வாட்டர்=பாண்ட்’ ஆகும், கண்மாயை என்ன செய்வதென்று தெரியாமல் புதியவர் தேடல் பெட்டியில் ‘டேங்க்’ என்று அடிப்பார். அங்கே கிடைப்பது எண்ணெயோ தண்ணீரோ சேமிக்கும் தொட்டி. நூறு ஏக்கர் ஆயக்கட்டுள்ள கண்மாய், சின்டெக்ஸ் தொட்டியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடும். நீர்வள ஆவணங்களில் கண்மாயை ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்றுதான் எழுதுவார்கள் என்பதால் இந்தப் பிழை படித்தவர்களுக்கே அதிகம் வருகிறது.

எனவே குழுவின் முதல் முடிவு இதுவாக இருக்கட்டும்: டேக்கைத் தீர்மானிப்பது நேரில் பார்த்து விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வி. பெயர் பெயருக்கான இடத்தில் இருக்கும். நீர்நிலைக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி: கரை கட்டி, மடை வைத்து, வயலுக்குத் தண்ணீர் விட முடிகிறதா? முடிகிறது என்றால் அது ஏரியானாலும் கண்மாயானாலும் குளமானாலும் ‘நேச்சுரல்=வாட்டர்’, கூடவே ‘வாட்டர்=ரிசர்வாயர்’. மடை பழுதாகி நாலு வருடமாகத் தண்ணீர் விடவில்லை என்றாலும் அதே டேக்தான். கரையும் மடையும் நிற்கின்றனவே.

கரையும் மடையும் இல்லாமல், குடிக்கவோ குளிக்கவோ மாடு கழுவவோ தோண்டிய ஊருணி, குட்டை எல்லாம் ‘வாட்டர்=பாண்ட்’. ‘வாட்டர்=லேக்’ என்பதைத் தமிழ்நாட்டுக் குழு பெரும்பாலும் மறந்தேவிடலாம். உள்நாட்டில் நம்மிடம் உள்ள பெரிய நீர்நிலைகளில் ஏறக்குறைய எல்லாமே மனிதர் கட்டியவை. ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும்கூட 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் நீரைத் தடுத்து உண்டாக்கியவைதான். அந்த இரண்டை மட்டும் யாராவது ‘லேக்’ என்று போட்டிருந்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். படகு விடுகிற இடத்தில் யாரும் பாசனக் கணக்கு எடுக்கப்போவதில்லை. பழவேற்காடு கடலோரக் காயல், அதற்கு ‘வாட்டர்=லகூன்’. பள்ளிக்கரணை சதுப்பு நிலம்; அது ‘நேச்சுரல்=வெட்லேண்ட்’, கூட ‘வெட்லேண்ட்=மார்ஷ்’.

தெப்பக்குளத்தில்தான் வாக்குவாதம் வரும். மதுரையில் இரண்டு வண்டியூர்கள் உண்டு. வண்டியூர் கண்மாய் பாசனத்துக்கானது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. நடுவில் மைய மண்டபம், தைப்பூசத்தில் தெப்பத் திருவிழா. பெயரில் வண்டியூர் இரண்டிலும் இருப்பதால், வெளியூரிலிருந்து செயற்கைக்கோள் படம் பார்த்து வரைகிறவர் ஒன்றின் விவரத்தை மற்றொன்றில் ஏற்றிவிட வாய்ப்பு அதிகம். தெப்பக்குளம் பரப்பில் எத்தனையோ ஊருணிகளைவிடப் பெரிது. அதைப் பாண்ட் என்பதா என்று ஒருவர் கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் மேலே வைத்த சோதனையில் அளவு இல்லை, மடைப் பாசனம்தான் இருக்கிறது. ஆகவே பாண்ட். வேறு குழு வேறு முடிவெடுத்தால் பரவாயில்லை, ஒரே மாவட்டத்தில் இரண்டு முடிவு ஓடக் கூடாது. மைய மண்டபத்தையும் கோயிலையும் தனித்தனியாக வரைந்து அவற்றுக்குரிய டேக் கொடுங்கள். தண்ணீருக்கு ‘வழிபாட்டுத் தலம்’ என்று போடாதீர்கள்.

‘லேண்ட்யூஸ்=ரிசர்வாயர்’ என்று ஒரு பழைய டேக்கும் உங்கள் மாவட்டத்தில் கண்ணில் படும். 2011-இல் நீர்நிலைகளை விரிவாகப் பிரிக்கும் முன்மொழிவு ஏற்கப்படும் முன் அதுதான் புழக்கத்தில் இருந்தது. தப்பில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைக் குழு எடுத்துக்கொள்ள வேண்டும், புதியதையே எடுங்கள். குளத்துக்கும் குட்டைக்கும் அதே ‘நேச்சுரல்=வாட்டர்’ அடித்தளமாக இருப்பதால் தேடுவது சுலபம்.

ஒரு கண்மாயை எடுத்துப் பதிவோம்

கற்பனையாக ஒரு கண்மாய். பிறை வடிவில் கரை, இரண்டு மடை, ஒரு ஓரத்தில் கலிங்கு, மேற்கிலிருந்து வரத்துக்கால். ஐப்பசியில் நிரம்பி, பங்குனியில் தரை தெரியும். தண்ணீர்ப் பரப்புக்கு இவ்வளவும் போடுவோம்:

நேச்சுரல்=வாட்டர்
வாட்டர்=ரிசர்வாயர்
இன்டர்மிட்டன்ட்=யெஸ்
நேம்=(ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர்)
நேம்:டிஏ=(தமிழில், பெரிய கண்மாய் என்பதுபோல்)

கரை தனிக் கோடு: ‘மேன்_மேட்=டைக்’. மடை இருக்கும் புள்ளியில் ‘வாட்டர்வே=ஸ்லூயிஸ்_கேட்’. கலிங்குக்கு ‘வாட்டர்வே=வியர்’. வாய்க்கால்களைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும்; கோட்டின் திசைதான் ஓட்டத்தின் திசை. பாசன வாய்க்காலுக்கு ‘வாட்டர்வே=கெனால்’. ஊர்ச் சாக்கடைக்கு ‘டிரெய்ன்’. வரத்துக்கால்தான் தலைவலி. காட்டு ஓடையாகத் தொடங்கி, ஊர் எல்லையில் வெட்டிய காலாக மாறும். எங்கே மாறுகிறது என்று நேரில் போய்ப் பார்த்தவர் சொன்னால் அந்த இடத்தில் கோட்டை வெட்டுங்கள். யாரும் போகவில்லையென்றால் முழுதையும் ‘ஸ்ட்ரீம்’ என்று விட்டுவைப்பது உத்தமம்.

‘இன்டர்மிட்டன்ட்’ வரியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ராமநாதபுரத்துக் கண்மாய் வருடம் முழுக்க நிறைந்திருப்பதாக வரைபடம் சொல்லும்.

இனி எல்லை. கரைப்பக்கம் எல்லை துல்லியம். எதிர்ப்பக்கம் நிலம் மெல்ல ஏறுவதால், தண்ணீர் எங்கே முடிகிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். சித்திரையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைகிறவர் பாதிக் கண்மாயை விட்டுவிடுவார். மிச்சத்தில் சீமைக்கருவேல் பச்சையாகத் தெரிவதைப் பார்த்து ‘நேச்சுரல்=ஸ்க்ரப்’ என்று தனியாக வரைவார். பக்கத்தில் யாரோ உழுதிருந்தால் அது ‘லேண்ட்யூஸ்=ஃபார்ம்லேண்ட்’. ஆறு மாதம் கழித்து இன்னொருவர் மார்கழிப் படத்தை வைத்து மேலே இன்னொரு கண்மாயை வரைவார். இப்போது ஒரே இடத்தில் இரண்டு கண்மாய், ஒரு காடு, ஒரு வயல். நடக்காத விஷயமில்லை, உங்கள் பகுதியில் தேடினால் ஒன்றாவது கிடைக்கும்.

குழுவின் முடிவு ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும்: நிறைந்த மட்டத்தில் தண்ணீர் எட்டும் விளிம்புதான் எல்லை. மழை முடிந்த மாதத்தின் படம் கிடைத்தால் அதில் வரையுங்கள். கிடைக்காவிட்டால் கலிங்கின் உயரத்தை வைத்து உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ‘இந்த வருசம் நிறைஞ்சப்ப தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுண்ணே?’ என்று கேட்பதே சிறந்த அளவை. உள்ளே கருவேலும் தற்காலிக வெள்ளாமையும் இருந்தால் தனி டேக் வேண்டாம். வருவாய்த்துறை வரைபடத்திலிருந்தோ கூகுள் மேப்ஸிலிருந்தோ எல்லையை நகலெடுக்கக் கூடாது. கூகுளின் உரிம நிபந்தனை அதைத் தடுக்கிறது. அரசு வரைபடத்துக்கு வெளிப்படையான அனுமதி வேண்டும்.

உள்ளே நிரந்தர வீடுகள் எழுந்துவிட்டால்? வீட்டை வீடு என்றே வரையுங்கள். தரையில் இருப்பதைப் பதிவதுதான் இந்த வரைபடத்தின் வழக்கம். ஆக்கிரமிப்பு என்று உங்களுக்குக் கோபம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் வீட்டை அழித்து நீலம் பூசினால் அங்கே வசிப்பவருக்கு ஆம்புலன்ஸ் வழி தவறும், கண்மாய் திரும்பி வராது. முழுதாக மறைந்துபோன நீர்நிலைக்கும் இங்கே இடமில்லை. தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரிப் படுகையில் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியில். அவற்றைப் பதிய ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனித் திட்டம் இருக்கிறது.

பெயர்

பெயர் இல்லாத குட்டைக்கு ‘குட்டை’ என்று பெயர் வைக்காதீர்கள். அந்த வரியை விட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தில் ‘கண்மாய்’ என்பதைக் குழுவில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். ஒரு எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லாரும் பின்பற்றுங்கள். ‘லேக்’, ‘டேங்க்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். ஊரில் இன்னொரு பெயரும் வழங்கினால் ‘ஆல்ட்_நேம்’ இருக்கிறது.

எண்ணிக்கையை நம்பலாமா?

டேக்இன்ஃபோ என்ற தளத்தில் ஒரு டேக் உலகெங்கும் எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். எழுத்துப்பிழைகளைப் பிடிக்க இது அருமை: பத்து லட்சம் முறை வந்த டேக்குக்குப் பக்கத்திலேயே ஒரு எழுத்து மாறிய டேக் பதினைந்து முறை வந்திருக்கும். ஆனால் அதிகம் பயன்பட்டது என்பதாலேயே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ‘டைகர்:’ என்று தொடங்கும் டேக்குகள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. அவை 2007, 2008-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவை மொத்தமாக ஏற்றியபோது வந்தவை. மனிதர்கள் ஒவ்வொன்றாக யோசித்துத் தேர்ந்தவை அல்ல. ஒரு டேக்கின் எண்ணிக்கையோடு, எத்தனை நாடுகளில், எத்தனை பேர் கையால் வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

திரையில் நிறம் சரியாக வரவில்லை என்பதற்காக டேக்கை மாற்றுவதும் கூடாது. வறண்ட கண்மாய் மங்கலாகத் தெரிகிறதே என்று ‘இன்டர்மிட்டன்ட்’ வரியை அழித்தால், படம் அழகாகும், தகவல் பொய்யாகும். நிறம் தீட்டுவது அந்தந்தச் செயலியின் வேலை.

முடிவை எழுதி வையுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவு மூன்று மாதத்தில் காணாமல் போகும். ஒரு பக்கம் போதும்: பொருளின் உள்ளூர்ப் பெயர்கள், டேக், அதை நேரில் அடையாளம் காணும் கேள்வி, எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, ஒரு புகைப்படம். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில் வைத்து, இந்தியப் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து திருத்த வருகிறவருக்கும் அது கிடைக்க வேண்டும். கல்லூரிக் குழுவோ தொண்டு நிறுவனமோ ஒருங்கிணைத்துப் பலரைப் பதிய வைத்தால், 2018 முதல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் வழிகாட்டுதல் ஒன்று பொருந்தும்: யார், எதற்காக, எந்த டேக்கில் என்பதை முன்கூட்டியே பொதுவில் அறிவிக்க வேண்டும்.

இதன் பிறகே பழையவற்றைத் திருத்தத் தொடங்குங்கள். ஜோசம் மென்பொருளில் மாவட்டத்தின் எல்லாப் பாண்டையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் ரிசர்வாயராக மாற்ற முடியும். மாற்றாதீர்கள். மொத்தமாக, பார்க்காமல் மாற்றுவதற்கு முன்கூட்டி விவாதித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. மீறினால் உங்கள் வேலை முழுதும் திருப்பப்படலாம். அதைவிட முக்கியம், அந்தத் தொகுப்பில் நிஜமான ஊருணிகளும் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு ஒன்றியத்தின் இருபது, முப்பதை எடுத்து, ஒவ்வொன்றின் கரையையும் படத்தில் தேடிப் பார்த்து மாற்றுங்கள். சந்தேகமுள்ளதை விட்டுவைத்து அங்கே ஒரு குறிப்பைப் போடுங்கள். மாற்றத்தொகுப்பின் விளக்கத்தில் ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதாமல், என்ன சோதனையில் மாற்றினீர்கள் என்பதையும் விக்கிப் பக்கத்தின் பெயரையும் எழுதுங்கள்.

நீங்கள் மாற்றியதை யாராவது மீண்டும் பழையபடி ஆக்கினால், பதிலுக்கு மாற்றாதீர்கள். அவருடைய மாற்றத்தொகுப்பில் கருத்துப் பகுதி இருக்கும். ‘வணக்கம், இந்தக் கண்மாய்க்குத் தெற்குக் கரையில் இரண்டு மடை இருக்கின்றன, அதனால் ரிசர்வாயர் என்று போட்டோம். நீங்கள் வேறு எதையாவது பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். அநேகம் பேர் ஒரு வாரத்துக்குள் பதில் எழுதிவிடுவார்கள். சில நேரம் மடை இப்போது இல்லை, நாலுவழிச் சாலை போட்டபோது கரையோடு போய்விட்டது என்று பதில் வரும். அப்போது உங்கள் விக்கிப் பக்கத்தில் உள்ள படத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.